பழைய தாளைத் தேடி எடுங்கள்: பிறவி இதயக் குறைபாட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இசிஜி எடுப்பவர்களுக்கு ஒரு பணி வழிகாட்டி

பிறவி இதயக் குறைபாட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இசிஜி ஒருநாளும் முடிவதில்லை. ஐ.சி.யு.வில் இருக்கும்வரை அடிக்கடி எடுப்பார்கள். வார்டுக்கு மாறும்போது ஒன்று, டிஸ்சார்ஜ் அன்று ஒன்று, அதன் பிறகு ஓ.பி.க்கு வரும்போதெல்லாம் ஒன்று. கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், தனக்கொரு குழந்தை பிறந்த பிறகும் இசிஜி அறைக்கு வந்துகொண்டுதான் இருப்பார்.

உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8, 9 பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கிறது. அதில் சிலருக்கு ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஆபரேஷனோ டிவைஸோ தேவைப்படும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்களும் அடக்கம். ஆபரேஷன் முடிந்து வளரும் பிள்ளைகள் வருடா வருடம் கூடிவருகிறார்கள். இவர்களின் இசிஜியைச் சரியாக எடுக்கத் தெரிந்த டெக்னீஷியனும் நர்ஸும் பெரிய ஊர்களில் மட்டும் இருந்தால் போதாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ஆபரேஷன் ஆன இதயத்தின் இசிஜி, பார்த்தவுடன் கோளாறாகத்தான் தெரியும். அதைத் தனியாக வைத்துப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. போன முறை எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எனவே உங்கள் வேலை இரண்டு. ஒப்பிடத் தகுந்த தாளை எடுப்பது. மாற்றம் தெரிந்தால் உடனே வாய்திறந்து சொல்வது. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

ஓட்டை மூடிய பிறகு தாளம் ஏன் தப்புகிறது?

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு போக இயல்பாக ஒரே ஒரு வழிதான் உண்டு. ஏ.வி. கணு, அதிலிருந்து கிளம்பும் ஹிஸ் கற்றை, அதன் வலது இடது கிளைகள். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பெரும்பாலும் ஓட்டை விழும் இடத்தின் விளிம்பை ஒட்டித்தான் இந்தக் கற்றை ஓடுகிறது. ஒட்டுப்போட்டுத் தைக்கும்போது தையல் அதில் பட்டாலோ, பக்கத்துத் தசை வீங்கினாலோ துடிப்பு கீழே இறங்காது; இதுதான் ஹார்ட் பிளாக். சுவருக்குள் வயர் போகும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் ஆணி அடிப்பதைப் போன்ற சிக்கல் இது. எவ்வளவு தேர்ந்த சர்ஜனுக்கும் இந்த ஆபத்து உண்டு.

1954இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை கீழறைச் சுவர் ஓட்டைகளை மூடத் தொடங்கினார். அதே ஆண்டில் டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்ற நீலக் குழந்தைக் குறைபாட்டையும் முழுமையாகச் சரிசெய்தார். ஓட்டையை மூட முடிந்தது; ஆனால் ஹார்ட் பிளாக் வந்த குழந்தைகளைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது. 1957இல் அவரது குழு இதயத் தசையில் மெல்லிய வயரைத் தைத்து, வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தது. அந்தப் பேஸ்மேக்கர் சுவர் பிளக்கில் சொருகி ஓடுவது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மினியாபொலிஸில் மின்தடை ஏற்பட்டது. அதன் பிறகு பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும் என்று லில்லிஹை கேட்க, ஏர்ல் பேக்கன் என்ற எஞ்சினியர் சில வாரங்களில் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். இன்று ஐ.சி.யு.வில் குழந்தையின் நெஞ்சிலிருந்து வெளியே வரும் அந்த மெல்லிய வயர்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

எலெக்ட்ரோடு ஒட்டும் முன்

தாள் தரமாக இல்லையென்றால் எந்த டாக்டராலும் அதைப் படிக்க முடியாது. கீழே உள்ளவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

*குழந்தை அமைதியாகட்டும்.* அழும் குழந்தையின் தாளில் இதயத் துடிப்பைவிடத் தசை நடுக்கம்தான் அதிகம் பதியும். பால் குடித்த பிறகு எடுங்கள். அம்மாவின் கை குழந்தைமேல் இருக்கட்டும். ஜெல்லும் உங்கள் கையும் சில்லென்று இருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் காத்திருப்பது நேர விரயம் ஆகாது.

*இடத்தை எண்ணிப் பாருங்கள்.* வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் வலது இடது ஓரங்களில் வர வேண்டும். அவசரத்தில் இதை இரண்டாவது இடைவெளி வரை ஏற்றி ஒட்டுவதுதான் நாம் தினமும் பார்க்கும் பிழை. கைக்குழந்தையின் சின்ன நெஞ்சில் அந்தப் பிழை இன்னும் பெரிதாகும். சின்ன எலெக்ட்ரோடு பயன்படுத்துங்கள். ஒரு லீடின் ஜெல் அடுத்ததன்மேல் வழிந்தால் இரண்டும் ஒரே மாதிரி பதியும். குழந்தைகளுக்கு வலது நெஞ்சில் வி3ஆர் அல்லது வி4ஆர் சேர்த்து எடுப்பது வலது கீழறையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

*கட்டு இருக்கிறதா, டிரெயின் குழாய் இருக்கிறதா?* எலெக்ட்ரோடை நகர்த்தித்தான் ஒட்ட முடியும் என்றால் நகர்த்துங்கள். ஆனால் எந்த லீடு, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், நாளை கட்டைப் பிரித்த பிறகு எடுக்கும் தாளில் ‘புதிய மாற்றம்’ வந்துவிட்டதாக யாராவது பதறுவார்கள்.

*கை வயர் மாறியதா?* லீடு 1 தலைகீழாக வந்தால் முதலில் வலது, இடது கை வயர்களைப் பாருங்கள். வயர்கள் சரியாகவே இருந்தால், இதயம் வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. கை வயர் மட்டும் மாறியிருந்தால் நெஞ்சு லீடுகள் மாறாது. இதயமே வலப்பக்கம் இருந்தால் வி1 முதல் வி6 வரை ஆர் அலை வளராமல் குறைந்துகொண்டே போகும். அப்போது வழக்கமான முறையில் ஒன்று, நெஞ்சு லீடுகளை வலப்பக்கம் மாற்றி ஒன்று என இரண்டு தாள் எடுத்து, எது எது என்று குறியுங்கள்.

*வேகம், உயரம், ஃபில்டர்.* வழக்கமான அளவு விநாடிக்கு 25 மி.மீ., ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. குழந்தைகளுக்கு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது உயரத்தை 5 மி.மீ. ஆக்குவது தவறில்லை, அதைக் குறிக்காமல் விடுவதுதான் தவறு. தசை நடுக்கத்தை மறைக்க 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டால் கோடு அழகாகிவிடும், ஆனால் கியூஆர்எஸின் கூர்மையும் உயரமும் சேர்ந்து போய்விடும். குழந்தைகளுக்கு மேல் வரம்பு 250 ஹெர்ட்ஸ், பெரியவர்களுக்குக் குறைந்தது 150 ஹெர்ட்ஸ் என்பது ஏற்கப்பட்ட அளவு. போன வருடம் ஃபில்டர் இல்லாமலும் இந்த வருடம் ஃபில்டரோடும் எடுத்த இரண்டு தாள்களை ஒப்பிட்டால் கிடைப்பது பொய்யான வித்தியாசம்.

*தாளில் எழுத வேண்டியவை:* பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி, எடுத்த தேதி, நேரம், ஆபரேஷன் பெயர், எத்தனையாவது நாள், பேஸ்மேக்கர் ஓடுகிறதா, குழந்தை அழுததா தூங்கியதா, அந்த நேரத்தில் ஏதாவது தொந்தரவு சொன்னார்களா. மெஷினின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று ஷிப்ட் தொடங்கும்போதே பாருங்கள். தெர்மல் தாள் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிவிடும். ஸ்கேன் செய்து வைப்பதும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைப்பதும் உங்கள் வேலையின் பகுதிதான்.

முதல் 72 மணி நேரம்

குழந்தை தியேட்டரிலிருந்து ஐ.சி.யு.வுக்கு வந்ததும் 12 லீடு ஒன்று எடுத்துவிடுங்கள். அதுதான் அடிப்படைத் தாள். ஆபரேஷனுக்கு முந்தைய தாளையும் தேடி அதன் பக்கத்தில் வையுங்கள். அடுத்து வரும் எதையும் இந்த இரண்டோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

*ஹார்ட் பிளாக்.* பி அலை தன் போக்கில் ஓடும். கியூஆர்எஸ் அதைவிட மெதுவாகத் தனியாக ஓடும். வீக்கத்தால் வந்த பிளாக்காக இருந்தால் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள் சரியாகிவிடும். ஏழு நாளுக்கு மேலும் நீடித்தால் நிரந்தரப் பேஸ்மேக்கரைப் பற்றி டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். எனவே பிளாக் எப்போது வந்தது, எப்போது விலகியது, நடுவில் திரும்ப வந்ததா என்ற கணக்கு முழுக்க முழுக்க உங்கள் தாள்களில்தான் இருக்கும். பேஸ்மேக்கர் ஓடிக்கொண்டிருந்தால், டாக்டர் வேகத்தைக் குறைத்து அடியில் இருக்கும் சொந்தத் தாளத்தைப் பார்க்கும்போது கட்டாயம் ஒரு ஸ்ட்ரிப் எடுத்து வையுங்கள்.

*ஜெட்.* ஏ.வி. கணுவின் அருகிலிருந்து கிளம்பும் வேகத் தாளத்தை ஐ.சி.யு.வில் இப்படித்தான் சொல்வார்கள். டெட்ராலஜி ரிப்பேர், கீழறைச் சுவர் ஓட்டை மூடல் போன்றவற்றுக்குப் பிறகு முதல் மூன்று நாளில் வருவது. வேகம் பெரும்பாலும் 170க்கு மேல் போகும். திடீரென்று குதிக்காமல் மெல்ல மெல்ல ஏறுவதால் காய்ச்சல், வலி, அழுகை என்று நினைத்து விட்டுவிடுவோம். அதுதான் ஆபத்து. கியூஆர்எஸ் முன்பு இருந்த வடிவத்திலேயே இருக்கும். பி அலை அதோடு ஒட்டாமல் தனியாக ஓடும், அல்லது கண்ணுக்கே தெரியாது. காய்ச்சல் இதை மோசமாக்கும் என்பதால் உடம்பைக் குளிர்விப்பதும், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் அளவுகளைச் சரிபார்ப்பதும், இதயத்தைத் தூண்டும் மருந்துகளைக் குறைப்பதும் சிகிச்சையில் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் இவற்றுக்கு அவகாசம் கிடைக்கும்.

*மேலறை வயரிலிருந்து இசிஜி.* பி அலை தெரியாதபோது கைகொடுக்கும் வழி இது. சர்ஜன் விட்டிருக்கும் தற்காலிக வயர்களில் மேலறை வயர் வலப்பக்கமும் கீழறை வயர் இடப்பக்கமும் வெளிவருவது பொதுவான வழக்கம். ஆனாலும் ஆபரேஷன் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேலறை வயரின் நுனியை இசிஜி மெஷினின் வி1 கேபிளோடு இணைத்து ஓட்டினால், மற்ற லீடுகளில் காணாமல் போன பி அலை வி1இல் கம்பம் மாதிரி எழுந்து நிற்கும். அதற்கு நேர் மேலும் கீழும் உள்ள லீடுகளில் கியூஆர்எஸ் எங்கே விழுகிறது என்று பார்த்தால் ஜெட்டா, மேலறை ஃப்ளட்டரா, சாதாரண வேகமா என்பது தெளிவாகிவிடும். இதை டாக்டர் இருக்கும்போது, மருத்துவமனை வகுத்த முறைப்படி மட்டும் செய்யுங்கள். கையுறை போடாமல் அந்த வயர்களைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் நுனிகளை உறையிட்டு மூடிவிடுங்கள். நேராக இதயத்துக்குப் போகும் வயர் அது. நம் உடம்பில் நாம் உணரவே முடியாத சிறு மின்கசிவுகூட அங்கே ஆபத்து.

*மானிட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.* பேஸ்மேக்கர் கொடுக்கும் ஸ்பைக்கையே இதயத் துடிப்பாக எண்ணி மானிட்டர் 120 என்று காட்டிக்கொண்டிருக்கும். இதயமோ அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு ஸ்பைக்குக்குப் பிறகும் கியூஆர்எஸ் வருகிறதா, அதோடு ஆர்ட்டீரியல் லைன் அலையோ ஆக்ஸிஜன் புரோப் அலையோ எழுகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

*எஸ்டி பகுதி.* பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு அவற்றை மாற்றித் தைக்கும்போது, இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரிக் குழாய்களையும் பிரித்து வேறிடத்தில் தைக்கிறார்கள். அந்தக் குழந்தையின் எஸ்டி பகுதி மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ ‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்பதற்கே இடமில்லை. அந்த நொடியே கூப்பிடுங்கள்.

*வேகத் தாளத்துக்கு அடினோசின் போடும்போது தாள் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.* மருந்து வேலை செய்யும் அந்தச் சில விநாடிகளில்தான் தாளத்தின் காரணம் வெளியே தெரியும். மருந்து போய் முடிந்த பிறகு பட்டனை அழுத்தினால் குழந்தைக்குக் கொடுத்த அந்த டோஸில் பாதிப் பயன் வீண்.

போனில் எப்படிச் சொல்வது

‘டாக்டர், 4ஆம் பெட் குழந்தைக்கு ஹார்ட் ரேட் ஜாஸ்தியா இருக்கு’ என்றால், எதிர்முனையில் இருப்பவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டிவரும். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

“டாக்டர், குழந்தைகள் இதய ஐ.சி.யு.லேர்ந்து பேசறேன், 4ஆம் பெட். எட்டு மாசக் குழந்தை, நேத்து டெட்ராலஜி ரிப்பேர் ஆச்சு. காலையில ரேட் 140 இருந்துச்சு, அரை மணி நேரமா 190ல நிக்குது. கியூஆர்எஸ் காலையில இருந்த மாதிரியேதான் இருக்கு, ஆனா பி அலை தனியா ஓடற மாதிரி தெரியுது. மேல் பி.பி. 75லேர்ந்து 58க்கு இறங்கியிருக்கு, டெம்பரேச்சர் 38.4. 12 லீடு எடுத்துட்டேன், காலைத் தாளும் கையில இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.”

யார், என்ன ஆபரேஷன், முன்பு எப்படி, இப்போது எப்படி, பி.பி. என்ன, உங்களிடமிருந்து என்ன வேண்டும். எல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. நீங்கள் நோயைக் கண்டறிந்து சொல்லவில்லை; பார்த்ததைச் சொன்னீர்கள். டெக்னீஷியனின் எல்லையும் அதுதான், பலமும் அதுதான். டியூட்டி டாக்டர் வரத் தாமதமானால் அடுத்த நிலையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். யார் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கத்துக்குக் குழந்தை விலை கொடுக்கக் கூடாது. கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அலாரம் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். வயதுக்கு ஏற்ற வரம்பை ஷிப்ட் தொடக்கத்திலேயே வையுங்கள். பெரியவர்களுக்கான வரம்பு அப்படியே இருந்தால் பச்சைக் குழந்தைக்கு நாள் முழுக்கக் கத்தும். கடைசியில் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். அலாரம் ஓயாமல் அடித்தால் எலெக்ட்ரோடை மாற்றுங்கள், வரம்பைச் சரிசெய்யுங்கள். அணைப்பது தீர்வு ஆகாது.

வார்டிலும் டிஸ்சார்ஜ் நாளிலும்

இங்கே வேகம் குறையும், கவனம் குறையக் கூடாது. எல்லா லீடுகளிலும் அலைகளின் உயரம் முந்தைய தாளைவிடக் குறைந்துவிட்டதா? இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். கியூஆர்எஸ் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று மாறி மாறி வந்தால் அது இன்னும் அவசரம். சிறுநீர் பிரிய மருந்து சாப்பிடும் குழந்தைக்குப் பொட்டாசியம் இறங்கினால் டி அலை தட்டையாகி யு அலை தெரியும். கால்சியம் குறைந்தால் கியூடி நீளும். 22ஆம் குரோமோசோமில் சிறு பகுதி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு இதயக் குறைபாட்டோடு கால்சியக் குறைவும் சேர்ந்து வருவது உண்டு.

குழந்தையின் இசிஜிக்கு வயது ஒரு பெரிய விஷயம். வி1 முதல் வி3 வரை டி அலை தலைகீழாக இருப்பது பெரியவருக்கு எச்சரிக்கை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இயல்பு. அதே பிள்ளைக்கு வி1இல் டி அலை நிமிர்ந்து நின்றால்தான் வலது கீழறைக்கு அழுத்தம் அதிகமோ என்று யோசிக்க வேண்டும். மெஷின் தானாக அச்சிடும் முடிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த தேதியைச் சரியாகப் பதியாவிட்டால் அது பெரியவருக்கான அளவுகோலில் தீர்ப்பு சொல்லும். இதயம் வேகமாகத் துடிக்கும்போது வழக்கமான சூத்திரம் கியூடியைக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எடுக்கும் தாள் மிக முக்கியமானது. வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் என்றாவது மயக்கம், படபடப்பு என்று போய் நிற்கும்போது, அங்கே இருப்பவர்களுக்கு ஒப்பிடக் கிடைக்கப்போவது அதுதான். அதன் நகலைப் பெற்றோர் கையில் கொடுங்கள்.

பத்து வருடம் கழித்து ஓ.பி.யில்

ஓ.பி.யில் நடந்து வருபவர்கள் நன்றாக இருப்பதாகவே சொல்வார்கள். தாள்தான் முதலில் பேசும்.

*டெட்ராலஜி ரிப்பேர் ஆனவர்கள்.* இவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலது கற்றைக் கிளையில் அடைப்பு இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது கியூஆர்எஸ் வருடத்துக்கு வருடம் அகலமாகிறதா என்பதை. நுரையீரலுக்குப் போகும் வால்வு கசிந்தால் வலது கீழறை விரியும்; அது விரிய விரிய மின்துடிப்பு பரவ நேரமாகும்; கியூஆர்எஸ் நீளும். 1995இல் மைக்கேல் கட்சூலிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, கியூஆர்எஸ் 180 மில்லிவிநாடியைத் தொட்டவர்களுக்கு ஆபத்தான கீழறை வேகத் தாளமும் திடீர் மரணமும் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அன்றிலிருந்து 180 என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான எண். 180ஐத் தொடும்வரை காத்திருக்கச் சொல்லும் எண் அல்ல அது. மூன்று வருடத்துக்கு முன் 140, போன வருடம் 150, இப்போது 165 என்றால் அந்த ஏற்றத்தைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மெஷின் சொல்லும் அளவோடு நிறுத்தாமல், மிக அகலமாகத் தெரியும் லீடில் நீங்களே அளந்து பாருங்கள். 25 மி.மீ. வேகத்தில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிவிநாடி; 180 என்பது நாலரைக் கட்டம்.

*ஃபான்டன் ஆபரேஷன் ஆனவர்கள்.* ஒரே கீழறையோடு பிறந்து, உடம்பின் அசுத்த ரத்தம் நேராக நுரையீரலுக்குப் போகும்படி மாற்றப்பட்டவர்கள் இவர்கள். மேலறையில் சுற்றும் தாளம் இவர்களுக்குப் பெரிய பகை. அது ஏமாற்றுக்காரத் தாளம். துடிப்பு 110 அல்லது 120இல் இருக்கும். பார்த்தால் சாதாரண வேகம் போலவே தெரியும். இரண்டு கேள்வி கேளுங்கள். போன முறை ரேட் என்ன? பத்து நிமிடம் படுத்த பிறகும் ரேட் அசையாமல் அப்படியே நிற்கிறதா? அசையவில்லை என்றால் டி அலைக்குள் இன்னொரு பி அலை ஒளிந்திருக்கிறதா என்று தேடச் சொல்லி டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

*சென்னிங், மஸ்டர்ட் ஆபரேஷன் ஆனவர்கள்.* பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்தவர்களுக்கு, அந்தக் குழாய்களையே மாற்றித் தைக்கும் முறை பரவலாவதற்கு முன் மேலறைகளுக்குள் ரத்தத்தைத் திருப்பிவிட்டார்கள். அப்படிச் செய்யப்பட்டவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். சைனஸ் கணு தளர்ந்து துடிப்பு குறைவதும் மேலறை ஃப்ளட்டரும் இவர்களுக்கு அதிகம். 24 மணி நேரம் தொடர்ந்து இசிஜி பதியும் ஹோல்ட்டர் இங்கே அவசியமாகும்.

*ஆபரேஷன் நாளில் பிளாக் வந்து விலகியவர்கள்.* இவர்களின் ஃபைலில் அந்த விவரம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கிளைகளில் அடைப்பு மிச்சமிருந்தால் பல வருடம் கழித்தும் முழு பிளாக் திரும்பலாம். இவர்களில் ஒருவர் ‘ஒரு தடவை மயங்கி விழுந்தேன்’ என்று பேச்சுவாக்கில் சொன்னால், அதைக் காதில் வாங்கித் தாளில் எழுதுங்கள்.

பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும்

தாள் வெளியே வந்ததும் அம்மா உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். “தம்பி, எப்படிப்பா இருக்கு?” என்பார். ‘நார்மல்தான்’ என்றும் சொல்லாதீர்கள், உதட்டைப் பிதுக்கவும் செய்யாதீர்கள். “பதிவு தெளிவா வந்திருக்கும்மா. பழசோட வச்சுப் பார்த்துட்டு டாக்டர் சொல்வாங்க. பழைய ஃபைல் கொண்டுவந்தீங்களா?” என்று கேளுங்கள். உண்மையும் அதுதான், அவருக்கு வேலையும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு இசிஜியையும் தேதி வரிசையில் ஃபைலில் வைக்கவும், போனில் நேராக, நிழல் விழாமல் படம் எடுத்து வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் டாக்டருக்கு அனுப்பும்போது மருத்துவமனை அனுமதித்த வழியில் மட்டும் அனுப்புங்கள். பொதுக் குழுக்களில் நோயாளியின் தாளைப் போடுவது தவறு.

பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் திரை, போர்வை, பெண் உதவியாளர் மூன்றும் கட்டாயம். நெஞ்சின் நடுவில் தழும்போடு வளர்ந்த பிள்ளை அவள். சட்டையைத் திறக்கச் சொல்வது அவளுக்கு எளிதல்ல. என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்பே அவளிடமே சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு வர

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டு பாதைகள் வழக்கம். ஒன்று, ஓராண்டு இசிஜி, டிரெட்மில் டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பு. மற்றது, பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி, மூன்றாண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது நடக்கிறது. நர்சிங் படித்தவர்கள் குழந்தைகள் இதய ஐ.சி.யு.வில் சேர்ந்து இதே திறமையை வளர்த்துக்கொள்ளலாம். துணை மருத்துவப் பணிகளை ஒழுங்குபடுத்த 2021இல் மத்தியச் சட்டம் வந்திருப்பதால், சேரும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கட்டணம் கட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு இவற்றுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்:

• கை வயர் மாறியதையும் வலப்பக்க இதயத்தையும் எப்படிப் பிரிப்பீர்கள்?
• எப்போது 5 மி.மீ. உயரத்தில் எடுப்பீர்கள், எங்கே குறிப்பீர்கள்?
• ஸ்பைக் இருக்கிறது, கியூஆர்எஸ் இல்லை. முதலில் என்ன செய்வீர்கள்?
• டெட்ராலஜி ரிப்பேர் ஆனவரின் தாளில் எதை அளப்பீர்கள்?
• நீங்கள் கூப்பிட்டும் டாக்டர் வரவில்லை என்றால்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் மெஷினில் இல்லை. குழந்தையைப் பாருங்கள், நாடியைப் பாருங்கள், கத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள், பிறகு வயர் இணைப்பைப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், எண் எதுவும் இல்லாமல் ஆபரேஷன், நாள், தாளில் நீங்கள் பார்த்தது, டாக்டர் சொன்னது என்ற நான்கு பத்திகள் போதும். தவறாகப் படித்ததையும் எழுதுங்கள். அடுத்து ஹோல்ட்டர் பகுப்பாய்வு, பேஸ்மேக்கர் கிளினிக், இதய மின் உடலியங்கியல் லேப், எக்கோ என்று வழிகள் திறக்கும். எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதே கண்தான்.

நாளைக் காலை டியூட்டிக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். மெஷினின் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். ஃபில்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் நோயாளி வந்து படுக்கும் முன்பே, அவருடைய பழைய தாளைத் தேடி எடுத்து மேஜைமேல் வையுங்கள். மூன்றாவதுதான் பெரும்பாலான இடங்களில் விட்டுப்போகிறது. அதை நீங்கள் தொடங்கிவையுங்கள்.